பெரிய கண்ணாடியைக் கேட்டவர்

புதிதாகக் காட்டிலாகாவில் சேர்ந்திருக்கும் தம்பிகளே,

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமுக்கு என்னை அழைத்து, மாலை போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். நான் நல்ல வார்த்தை சொல்லிப் பழகியவன் அல்ல. காபி கொடுத்தார்கள், குடித்தேன். மயக்க ஊசி போடும் துப்பாக்கியைக் காட்டினார்கள், பார்த்தேன். அதன் மேல் ஒரு தூரக்கண்ணாடி பொருத்தியிருந்தது. வளையத்தைத் திருகினால் எதிரே இருப்பது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகிறது. நீங்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தீர்கள். வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வேலையாக வளையத்தை ஒன்பதுக்குத் திருகினீர்கள். மூன்றில் வைத்துப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கேயே சொல்லியிருப்பேன். கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரிதாகத் தெரிந்தால் நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மடங்கு, அதாவது பவர், கூடக் கூடக் கண்ணாடிக்குள் அடங்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். மிருகத்தின் காது மடல் தெரியும், அதன் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியமாட்டான். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். பொழுது சாயும் நேரத்தில் பெரிய பவர் சீக்கிரம் இருட்டடித்துவிடும், சின்ன பவரில் வெளிச்சம் இன்னும் கொஞ்சநேரம் நிற்கும். மிருகம் பக்கத்தில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மங்கலாக ஏதோ மயிர் தெரியும், அது தோளா தொடையா என்று சொல்ல முடியாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள், அது இதற்கும் பொருந்தும். இதெல்லாம் உங்கள் பாடத்தில் வந்துவிடும். ஆனால் ஒரு மனிதன் பெரிய பவரைக் கேட்கும்போது, அவன் ஏன் அதைக் கேட்கிறான் என்பது எந்தப் பாடத்திலும் வராது. நான் சொல்லப்போவது அதைத்தான். சந்தோஷமான கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் தாண்டி மேற்கே போனால், பச்சைமலை அடிவாரத்தில் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் ஒரு ஊர். அங்கேதான் எனக்கு ஃபாரஸ்ட் கார்டு வேலை, அதாவது காட்டுக்காவல். சர்க்கார் எனக்குக் கொடுத்திருந்தது ஒரு வெட்டுக்கத்தியும் ஒரு காக்கிச் சட்டையும்தான். சட்டையைப் பார்த்து விறகு வெட்டுகிறவர்கள் பயந்தார்கள். மிருகங்கள் பயந்ததாக நினைவில்லை.

அந்த வருஷம் தை மாதம் ஒரு சிறுத்தை மலையிலிருந்து இறங்கி, ஊர்ச் சோளக்கொல்லைகளில் தங்கிவிட்டது. முதலில் ஆடுகள் போயின, பிறகு நாய்கள் போயின. ஒருநாள் காலை அங்கமுத்து என்ற குடியானவரின் மனைவி செல்லாயி, கிளி விரட்டக் கொல்லைக்குப் போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. நானும் ஒரு கை பிடித்துத் தூக்கினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

அதற்குப் பிறகு யாரும் கொல்லையில் இறங்கவில்லை. கதிர் முற்றித் தலைகுனிந்து நின்றது. பர்மா அரிசி வருவது நின்றுபோன காலம் அது. ரேஷனில் போட்ட அரிசியைக் கோழிகூட யோசித்துத்தான் தின்னும். அந்தச் சோளம்தான் ஊருக்கு வருஷம் முழுக்கச் சோறு, அதைக் கிளிகள் தின்றுகொண்டிருந்தன. அங்கமுத்து தினமும் வரப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். அழமாட்டார். "உள்ள எறங்கிடாதீங்க அண்ணே" என்று நான் சொன்னால், "எறங்கல கார்டு, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். சிறுத்தையைச் சுடாவிட்டால் அந்த மனிதர் என்றைக்காவது ஒருநாள் அரிவாளோடு உள்ளே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சுடுவதற்கு ஆள் இல்லை. வேட்டைக்கு வரும் துரைமார் எல்லோரும் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். ரைபிள் தோட்டா குதிரைக்கொம்பாக இருந்தது. எங்கள் ரேஞ்சர் யோசித்து யோசித்து, அரியலூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் பெயர் ராஜமாணிக்கம், கல்லங்குறிச்சிக்கு அப்பால் நிலபுலன் உள்ளவர். ஊர் உலகத்தில் அவருக்குத் துப்பாக்கி அய்யா என்று பெயர். ஏரிக்கு அந்தக் கரையில் நின்ற பன்றியை இந்தக் கரையிலிருந்து அடித்தார், ஓடுகிற காரிலிருந்து ஓடுகிற முயலை அடித்தார் என்றெல்லாம் கதை உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் உண்மை என்று பிறகு தெரிந்தது. உண்மைதான், ஆனால் பழைய உண்மை.

அவர் காரில் வந்து இறங்கினார். பெட்ரோல் கிடைக்காததால் அந்நாளில் காருக்குப் பின்னால் ஒரு பெரிய பீப்பாயைப் பொருத்தி, அதில் கரி மூட்டி ஓட்டுவார்கள். கரி கனிந்து வாயு பிடித்த பிறகுதான் இன்ஜின் கிளம்பும். அதை மூட்டுவது, ஓட்டுவது, துப்பாக்கி துடைப்பது, அய்யாவுக்கு வெற்றிலை மடிப்பது எல்லாம் காதர் பாய் என்ற ஒரே ஆள்தான். அய்யாவின் வயதுதான் அவருக்கும் இருக்கும். தாடி முழுக்க வெள்ளை, சட்டை முழுக்கக் கரி.

கார்க்கதவைத் திறந்து, "பள்ளம் இருக்குங்கய்யா" என்று மெதுவாகச் சொன்னார் காதர் பாய். அய்யா இறங்கினார். அங்கமுத்து ஓடிவந்து கும்பிட்டு நின்றார். அய்யா அவருக்குச் சற்றுப் பக்கத்தில் எங்கோ பார்த்து, "யாரு?" என்றார். "பொண்டாட்டியப் பறிகுடுத்தவருங்க" என்று காதர் பாய் சொன்னதும், கையை நீட்டி அங்கமுத்துவின் தோளைத் தொட்டார். பெரிய மனிதர்கள் நம்மைப் பார்க்காமல் பேசுவது வழக்கம்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கொல்லை ஓரத்துப் பாறை ஒன்றின்மேல் உட்காருவது என்று முடிவாயிற்று. கீழே ஒரு கல்லெறி தூரத்தில் ஆடு கட்டினோம். அப்பால் குட்டை, அதற்கும் அப்பால் மலை. காதர் பாய் வெல்வெட்டு வைத்த மரப்பெட்டியைத் திறந்தார். ஜெர்மன் ரைபிள். அதற்குக் கொக்கி போட்டு மாட்டிக் கழற்றக்கூடிய தூரக்கண்ணாடி இரண்டு, ஒன்று இரண்டரை பவர், மற்றது எட்டு பவர். காதர் பாய் ஆட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், சின்னதை எடுத்தார்.

"பெருசு" என்றார் அய்யா.

காதர் பாய் ஆட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சின்னதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பெரியதை மாட்டினார்.

எனக்கு அப்போது துப்பாக்கியைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. "பக்கத்துலதானே ஆடு கட்டியிருக்கு பாய், இவ்வளவு பெருசு எதுக்கு?" என்று அவர் காதில் கேட்டேன்.

"அய்யாவுக்கு அதுதான் பழக்கம் கார்டு. ரெண்டு வருசமா அதேதான்" என்றார்.

அது அய்யாவின் காதிலும் விழுந்துவிட்டது. "ஒருவேளை குட்டைக்குத் தண்ணி குடிக்க வந்தா? அவ்வளவு தூரத்துக்குச் சின்னது காணுமா?" என்று நிதானமாகச் சொன்னார். நல்ல பதில்தான், நான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய மனிதர்களிடம் எப்போதும் நல்ல பதில் ஒன்று இருக்கும்.

சிறுத்தை குட்டைக்கு வரவில்லை. பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகிற சமயத்தில் சோளத்தட்டையை விலக்கிக்கொண்டு, ஆட்டுக்கு இடது பக்கமாக வெளியே வந்து நின்றது. என் வெறும் கண்ணுக்கு அதன் வால் நுனி ஆடுவதுகூடத் தெரிந்தது. அய்யா ரைபிளைத் தோளில் வைத்துக் குழாயை அங்கும் இங்கும் நகர்த்தினார். "எடது பக்கம், முள்ளுச் செடிக்குக் கீழ" என்று மூச்சுக்காற்றில் சொன்னார் காதர் பாய். குழாய் செடியைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது. "இன்னும் கீழங்கய்யா." சிறுத்தை நிமிர்ந்து பாறையைப் பார்த்தது. அய்யா சுட்டார்.

அது ஒரு குட்டிக்கரணம் போட்டு, உறுமிக்கொண்டு, சோளத்துக்குள் போய்விட்டது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரத்தம் இருந்தது, அதோடு பச்சையாக வேறொன்றும் இருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது. அந்த மிருகம் உடனே சாகாது, இனி பக்கத்தில் போகிறவனைச் சும்மாவும் விடாது.

"எங்க பட்டுது?" என்றார் அய்யா.

"தோள்லதாங்க பட்டிருக்கும். காலையில உள்ள கெடக்கும்" என்றார் காதர் பாய். அவரும் அந்த ரத்தத்தைப் பார்த்தவர்தான்.

தம்பிகளே, காயம்பட்ட மிருகத்தைக் காயப்படுத்தியவரே தேடிப் போக வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் எழுதாத சட்டம். அவரைப் போன்றவர்களிடம் எழுதிய சட்டத்தைவிட அதற்கு மரியாதை அதிகம். மறுநாள் வெயில் ஏறியதும் எல்லோரும் கொல்லை ஓரத்தில் கூடினோம். ஆள் உயரத்துக்கு மேல் சோளம். உள்ளே போனால் முன்னால் நாலு முழம் தெரிந்தால் அதிகம்.

நான் சொன்னேன்: "ரெண்டு நாளு விட்டுடலாங்கய்யா. தானா செத்துப்போயிடும்."

"வயித்துல வாங்கிட்டுத் துடிக்கும். நான் பந்தல்ல உக்காந்து காப்பி குடிக்கவா?" என்றார். தோளில் பட்டதாகக் காதர் பாய் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் நின்றிருந்த அங்கமுத்து முன்னால் வந்தார். "கொளுத்திடலாங்க. நாலு பக்கமும் வச்சா வெளியே வந்துதானே ஆவணும். எங்கொல்லைதான், நானே வைக்கிறேன்."

"அப்புறம் வருசம் பூரா எதத் தின்ன?"

"அவளே போயிட்டா. எனக்கு எதுக்குங்க சோளம்" என்றார் அங்கமுத்து.

அய்யா தலையை ஆட்டினார். "நான் தப்பாச் சுட்டதுக்கு ஒரு குடியானவன் வெள்ளாமையக் கொளுத்தறதா? வாணாம்" என்றார். கூடியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கும் அப்போது நெஞ்சு நிறைந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சோளம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கொளுத்தியிருக்கலாம், ஊரார் ஆளுக்கு ஒரு மரக்கால் போட்டு அங்கமுத்துவைக் காப்பாற்றியிருப்பார்கள். அவர் தன் பெயரைப் பற்றியும் யோசித்தார்.

காதர் பாய் ரைபிளிலிருந்து பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் ரைபிளை நீட்டினார். அய்யா அதை வாங்கி, பக்கத்திலிருந்த பனைமரத்தைப் பார்த்துக் குறிவைத்தார். இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குறிவைத்தார்.

"கண்ணாடிய மாட்டு."

"உள்ள எல்லாமே கிட்டக்கதாங்கய்யா. கண்ணாடி மாட்டினா ஒண்ணுமே தெரியாது. வெறும் கண்ணுதான் சரி."

"மாட்டு காதரு."

"சின்னதாவது மாட்டட்டுங்களா?"

அய்யா குரலைத் தாழ்த்தினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "பெருசுலதான்டா எனக்கு ஏதாவது தெரியுது. மத்ததெல்லாம் ஒரே பொகையா இருக்கு. குழாய் முனையில இருக்கற குறிமுள்ளே தெரியல."

கண்ணில் புரை. முந்தின நாள் பாறைமேல் பெரிய கண்ணாடியைக் கேட்டது குட்டையின் தூரத்துக்காக அல்ல. மங்கிப்போன கண்ணுக்கு எல்லாவற்றையும் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால், மங்கலாகவாவது ஓர் உருவம் கிடைக்கும். பெரிதாக்கலாம், தெளிவாக்க முடியாது. கண்ணாடி செய்தவன் அந்தக் கண்ணுக்காகச் செய்யவில்லை.

"எனக்குத் தெரியுங்கய்யா" என்றார் காதர் பாய். அவ்வளவுதான் சொன்னார். அய்யாவின் கையிலிருந்து ரைபிளை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, அய்யாவும் விடமாட்டேன் என்று பிடிக்கவில்லை. எத்தனையோ வருஷமாகத் துடைத்துக் கொடுத்த ரைபிள்தான் அது. ஆனால் அதைக்கொண்டு ஒரு மிருகத்தையும் அவர் சுட்டதில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார், பிஸ்மி சொன்னார், சோளத்துக்குள் போனார். தட்டை அசைவது மட்டும் கொஞ்சதூரம் தெரிந்தது.

அந்த நேரத்தில் அய்யா என்ன செய்தார் என்று என்னிடம் பலபேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. சோளத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்குச் சோளம் தெரிந்ததா என்பதே எனக்குத் தெரியாது.

வெடிச் சத்தமும் உறுமலும் ஒன்றாகக் கேட்டன. எனக்கு முன்னால் அங்கமுத்து அரிவாளோடு ஓடினார், நான் அவர் பின்னால் ஓடினேன். சிறுத்தை செத்துக் காதர் பாயின்மேல் கிடந்தது. குண்டு நெஞ்சில் பட்டிருந்தது. ஆனால் சாவதற்கு முன் அதற்கும் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. காதர் பாயின் வலது கை முழங்கைக்கு மேலே சதையாக இல்லை. அங்கமுத்து சிறுத்தையை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைக் கட்டினார். தன் மனைவியைக் கொன்ற மிருகத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரில் ஏற்றிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்தக் காரைக் கிளப்ப எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அய்யாவுக்கு ஓட்ட மட்டும் ஒருகாலத்தில் தெரியும். கரி மூட்டத் தெரியாது. பெரம்பலூர் போக மாட்டுவண்டி என்றால் பொழுது சாய்ந்துவிடும். பின்சீட்டில் படுத்தபடி காதர் பாய் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். "அடிக் கதவத் தொறங்க கார்டு. பழைய சாம்பலத் தட்டுங்க. கரிய அமுக்காதீங்க, லேசாப் போடுங்க. இப்ப விசிறியச் சுத்துங்க. நிறுத்தாம சுத்துங்க." சொல்லிக்கொண்டே மயங்கிவிடுவார். கன்னத்தில் தட்டினால் விட்ட இடத்திலிருந்து சொல்வார். நானும் அங்கமுத்துவும் மாறி மாறி விசிறியைச் சுற்றினோம். வாயு பிடித்ததும் ஊரில் லாரியில் கிளீனராகப் போய்ப் பழகிய ஒருவர் ஓட்ட முன்வந்தார். அய்யா பின்சீட்டில் காதர் பாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். சிறுத்தையின் நகத்திலும் பல்லிலும் அழுகிய இறைச்சி ஒட்டியிருக்கும். இன்றைக்கு இருக்கிற மருந்து அன்றைக்கு இல்லை. கை வீங்கி, வீக்கம் தோளுக்கு ஏறியது. ரேஞ்சர் என்னை ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தபோது நான் கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் பாய் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா துப்பாக்கிய வாங்கி வச்சிருவாங்க கார்டு. அது இல்லாட்டி அவரு யாரு? வூட்டு மூலையில ஒரு கெழவன். மொதமொத பெரிய கண்ணாடிய மாட்டச் சொன்னாரே, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவரு எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லல, நானும் கேக்கல. ஆனா அது அவரு என்னை நம்பி வச்ச அமானிதம். அத நான் எறக்கி வைக்கக் கூடாது" என்றார்.

நம்பி ஒப்படைத்த பொருளைத்தான் அவர்கள் அமானிதம் என்பார்கள். நீங்கள் சொல்லியிருந்தால் உங்கள் கை நன்றாக இருந்திருக்கும் என்று படுத்திருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது?

லைசென்ஸ் இல்லாத ஆள் ரைபிளை எடுத்துச் சுட்டதால் போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். அய்யா கட்டிலின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன்.

காதர் பாய் தெளிவாகப் பேசினார். "அய்யா மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவங்கதான் உள்ள போறதா இருந்தாங்க. நான்தான் ஆசைப்பட்டு, அவங்களுக்குத் தெரியாமத் துப்பாக்கிய எடுத்துட்டு ஓடிட்டேன். அய்யா குறி தப்பாதுங்க. அவங்க கண்ணு மாதிரி கண்ணு இந்த ஜில்லாவுலயே கெடையாது."

"பொய்" என்றார் அய்யா.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருசமாத் தெரியல. அது தெரிஞ்சுதான் அவன் உள்ள போனான். எழுதிக்குங்க. அவன் மேல கேஸ் கீஸ்னு எதுவும் வரக்கூடாது. என் துப்பாக்கிய எடுத்துக்குங்க."

உண்மையைச் சொன்னார். தைரியமாகத்தான் சொன்னார், காதர் பாயைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் அவருக்காகச் சந்தோஷப்பட்டுக் காதர் பாயைப் பார்த்தேன். காதர் பாய் அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய காயத்துக்குக்கூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. ஒரு கையைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்ததை, அதற்கு உரியவரே எடுத்துத் தரையில் போட்டுவிட்டார். காதர் பாய் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதன் பிறகு அவர் அய்யாவோடு பேசவில்லை. என்னோடு பேசினார், ஊசி போட வருகிற அம்மாவோடு பேசினார். அய்யா வருகிற நேரத்தில் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். கோபம் என்று சொல்ல முடியாது. அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் கண் தெரியவில்லை என்ற அந்த வார்த்தையைச் சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. பாறைமேல் பெட்டியைத் திறந்து, ஒருவர் கை சின்னக் கண்ணாடியை எடுத்து, மற்றவர் பெரியதைக் கேட்டாரே, அதுதான் அந்த இடம். அங்கே சொல்லியிருந்தால் அது ஒரு மனிதரின் பெருமையை மட்டும் தின்றிருக்கும். உங்கள் பக்கத்தில் இருப்பவர் அதிகாரியாக இருந்தாலும் சரி, பெயர்பெற்ற வேட்டைக்காரராக இருந்தாலும் சரி, தேவைக்கு மேல் பெரிய பவரைக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நல்ல பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்கே வளையத்தைத் திருகத் தோன்றினாலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது தெரியவில்லை, அது ஏன் தெரியவில்லை என்பது கண்ணாடியை மாட்டும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

அய்யா தினமும் பஸ்ஸில் வந்தார். உச்சி வெயிலில் வந்து இறங்கி, அந்த நீண்ட அறைக்குள் நுழைந்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. நான் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைப்பேன். உட்கார்ந்ததும் என்னிடம் கேட்பார்.

"கார்டு, அவன் என்னப் பாக்குறானா?"

முதல்நாள் நான், "தூங்குறாருங்க" என்றேன். வெளியே வந்த பிறகு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. அந்த மனிதரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவர் கண்ணுக்குப் பதிலாகப் பொய்யைத்தான் வைத்திருந்தோம். மறுநாள் கேட்டபோது, "முழிச்சிருக்காருங்க. சொவத்தப் பாத்துப் படுத்திருக்காருங்க" என்றேன்.

"சரி" என்றார் அய்யா. "நல்லது, நீயாவது சொன்னியே." எழுந்து போகவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அதே கேள்விதான், என்னிடமிருந்து அதே பதில்தான்.

ஒருநாள் விடியற்காலையில் காதர் பாய்க்குக் காய்ச்சல் ஏறியது, விடிவதற்குள் உயிர் போய்விட்டது. உறவுக்காரர்கள் வந்து உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்லங்குறிச்சிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், ஆனால் அய்யா அதற்குள் புறப்பட்டு வழியில் இருந்திருக்கிறார். வழக்கமான நேரத்துக்கு வெயிலில் வந்து இறங்கினார். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் தட்டுத் தடவிப் பழகிய வழியில் உள்ளே வந்து, பெஞ்சைக் கையால் தேடி உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழங்களைத் துண்டிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்கான்?" என்றார்.

"கட்டில் காலியா இருக்குங்கய்யா" என்றேன்.